காந்த வைத்தியமும் சித்தப்பாவின் செத்தவீடும்

என் தங்கச்சிக்குக் காதில் இரைச்சல் என்று ஊருக்குச் சொன்னவன் நான்தான். பதினெட்டு வருடம் சொன்னேன். சொல்லிச் சொல்லி அந்தப் பொய் கைபட்டுத் தேய்ந்த மண்வெட்டிப் பிடி மாதிரி வழவழப்பாகிவிட்டது. யாராவது தங்கச்சியைக் காணவில்லையே என்று கேட்டால் போதும். காது இரைச்சல், சத்தம் கூடின இடத்துக்கு வரமாட்டாள் என்று என் வாய் தானாகச் சொல்லும். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு, உள்ளி போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெயை இரண்டு சொட்டு விடச் சொல்லுவார்கள். நானும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வேன்.

உண்மையில் அவளுடைய காது நல்ல காது. பக்கத்து வளவில் தேங்காய் விழுந்தால் எந்த மரத்துத் தேங்காய் என்று சொல்லக்கூடியவள். அவளுக்கு இருந்தது மனச்சிதைவு. இருபத்துமூன்றாவது வயதில் தொடங்கியது. பக்கத்தில் ஒருவரும் இல்லாதபோது ஆட்கள் கதைப்பது அவளுக்குக் கேட்கும். ஊரில் அதற்கு ஒரே சொல்தான், விசர். அந்தச் சொல் எங்கள் படலையைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்றுதான் நான் காதைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டு பேர் கதைப்பார்கள். ஒருவர் ஆண். தங்கச்சி செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் யாருக்கோ அறிவிக்கிறமாதிரிச் சொல்லிக்கொண்டே இருப்பார். அவருக்கு அவள் வைத்த பெயர் விதானையார். ஊரில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று பதிவுவைக்கிறவர் விதானையார்தானே. மற்றது ஒரு பெண்குரல், பள்ளிக்கூட ஆசிரியை மாதிரி எல்லாவற்றிலும் பிழை பிடிக்கும், அதன் பெயர் ரீச்சர். விதானையார், "இப்ப உவள் அரிசி கழுவுறாள்" என்று அறிவிப்பாராம். ரீச்சர் உடனே, "உவளுக்கு அரிசி கழுவவும் தெரியாது" என்பாராம். இதைச் சொல்லிவிட்டுத் தங்கச்சி ஒருநாள் என்னிடம், "அண்ணை, அவையளுக்கும் வேறை வேலை இல்லைப் போலை" என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அப்படிச் சிரிக்கமுடிந்த நாட்கள் குறைவு. மற்ற நாட்களில் அவள் அரிசிப் பானையைக் கிணற்றடியில் அப்படியே வைத்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருப்பாள். பொத்தி என்ன பயன்? வெளியே இருந்து வருகிற சத்தம் என்றால்தானே கை மறைக்கும்.

மருந்து ஒழுங்காக எடுத்தவள். மாதத்துக்கொரு வியாழக்கிழமை கிளினிக்குக்கு என்னுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வருவாள். சோதனைக்கு இரத்தம் கொடுப்பாள், குளிசையை வாங்குவாள், திரும்புவாள். குளிசை அவளுடைய பயத்தைக் குறைத்தது, நித்திரையைத் தந்தது, உடம்பை ஊதவைத்தது. விதானையாரையும் ரீச்சரையும் மட்டும் அது ஒன்றும் செய்யவில்லை.

நான் அச்சுவேலியில் தண்ணீர்ப் பம்புகளுக்குக் கம்பி சுற்றுகிறவன். எரிந்துபோன மோட்டரைக் கழற்றி, பழைய செப்புக்கம்பியை வெட்டி எடுத்து, புதிதாகச் சுருள் கட்டிக் கொடுப்பதுதான் தொழில். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. மிச்சமெல்லாம் கடைக்கு வந்த தோட்டக்காரர்களின் வாயிலிருந்து படித்தது. வெங்காயம் போடுகிற ஒருவர் தன் பம்பைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "தம்பி, உது இறைக்குதில்லை, பெருமூச்சு மட்டும் விடுது" என்றார். அதைவிடச் சரியாக ஒரு எஞ்சினியர் சொல்லமாட்டார். அப்படியான கதைகளைக் கேட்டுக் கேட்டு நானும் பெரிய கதைகாரன் ஆனேன். கதைகாரனுக்குப் பொய் சுலபம் என்பதையும் இந்த இடத்தில் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஒரு வியாழக்கிழமை கிளினிக் டொக்டர், கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காந்தத்தால் செய்கிற ஒரு வைத்தியம் இருக்கிறது என்றார். இடது காதுக்கு மேலே, சற்றுப் பின்பக்கமாக, பேச்சைக் கேட்கிற பகுதி மூளையில் இருக்கிறதாம். குரல் கேட்கிறவர்களுக்கு அந்த இடம் தேவையில்லாமல் வேலைசெய்கிறது. தலைக்கு வெளியே ஒரு சுருளைப் பிடித்து, செக்கனுக்கு ஒரு தட்டு என்று மெதுவாகக் காந்தத் துடிப்புக் கொடுத்தால் அந்த இடம் கொஞ்சம் அடங்கலாம். வெட்டு இல்லை, மயக்கம் இல்லை. வார நாட்களில் தினமும் ஒருமுறை, நாலு கிழமை, மொத்தம் இருபது முறை. டொக்டர் ஒன்றையும் பெருப்பித்துச் சொல்லவில்லை. சிலருக்குக் குறையும், சிலருக்கு ஒன்றும் நடக்காது, குறைந்தாலும் திரும்ப வரலாம், குளிசையை மட்டும் நிற்பாட்டவே கூடாது என்றார்.

எனக்கு ‘சுருள்’ என்ற சொல் போதுமாக இருந்தது. வீட்டுக்கு வந்து தங்கச்சிக்கு ஒரு துண்டுக் கம்பியை எடுத்துச் சுற்றிக்காட்டி, பற்றரியைத் தொடுத்து, ஆணி ஒட்டுவதைக் காட்டி, ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "அப்ப என்ரை மண்டைக்குள்ளை மோட்டர் எரிஞ்சுபோச்சு எண்டுறியள்" என்றாள்.

எரியவில்லை, கொஞ்சம் சூடேறி ஓடுகிறது, ஆறவிடப்போகிறார்கள் என்றேன்.

"சரி. ஆறட்டும்" என்றாள். அவ்வளவுதான் அவளுடைய சம்மதம்.

அந்த நேரத்தில் என் மகளுக்கு வட்டுக்கோட்டையில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். நல்ல இடம். பெடியன் வங்கியில் வேலை. குறிப்புப் பொருந்தி, இரண்டு பகுதியும் ஒருமுறை சந்தித்தும் ஆகிவிட்டது. எங்கள் பக்கத்தில் கலியாணம் பேசுகிறபோது பெண்ணின் படிப்பை ஒருமுறை கேட்பார்கள், குடும்பத்தில் என்ன வருத்தம் என்று பத்து வாயால் விசாரிப்பார்கள். அதனால் கொழும்புக்குப் போகிறபோது நான் இன்னும் கவனமாகப் பொய்யைக் கட்டினேன். காதுக்குப் புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறது, ஒரு மாதம் நிற்கவேண்டும் என்று கடை வாசலில் நின்றே நாலு பேருக்குச் சொன்னேன். மெஷின் என்பது உண்மை, ஒரு மாதம் என்பதும் உண்மை. காது மட்டும்தான் பொய், அதுவும் முழுப் பொய் இல்லை என்று என்னை நானே தட்டிக்கொடுத்தேன்.

வெள்ளவத்தையில் ஒரு மேல்வீட்டு அறை எடுத்தோம். வீட்டுக்காரி ஓய்வுபெற்ற தாதி, தனியாக இருந்தவர். எங்கள் ஆட்கள்தான், பிறந்தது இணுவில். நாங்கள் வந்த அன்றைக்கே என்ன வருத்தம் என்று கேட்டார். காது என்று தொடங்கினேன். தங்கச்சியின் குளிசைப் பெட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, உந்தக் குளிசையை நான் முப்பது வருசம் ஆக்களுக்குக் குடுத்தனான்" என்றார். பிறகு அந்த வீட்டில் நான் காதைப்பற்றிக் கதைக்கவில்லை.

முதல்நாள் தங்கச்சியின் தோட்டையும் கொண்டை ஊசிகளையும் கழற்றி என் கையில் தந்தார்கள். பல்வைத்தியரின் கதிரை மாதிரி ஒரு கதிரை. ஒரு துணித் தொப்பியைப் போட்டு அதில் பேனையால் அடையாளம் வைத்தார்கள். இரண்டு காதுக்கும் அடைப்பான். எட்டு என்ற இலக்கத்தின் வடிவத்தில், பிளாஸ்ரிக் மூடிய சுருள் ஒன்று. அதைத் தலையில் ஒரு இடத்தில் வைத்துத் தட்டியபோது அவளுடைய வலது கைப் பெருவிரல் தானாகத் துள்ளியது. எவ்வளவு பலம் கொடுக்கவேண்டும் என்று அளக்கிறார்களாம். நான் இருபத்தைந்து வருடம் கம்பி சுற்றியவன். சுருள் இரும்பை இழுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு மனுசியின் விரலை இழுப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவள் தன் விரலையே பார்த்தபடி, "இது நான் இல்லை" என்றாள். சுருளைப் பிடித்துக்கொண்டு நின்ற டொக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு சுருளைக் காதுக்கு மேலே நகர்த்தி, டிக், டிக் என்று இருபது நிமிடம். மழை விட்டபிறகு கூரையிலிருந்து தகரத்தில் சொட்டுகிற மாதிரிச் சத்தம். முடிந்ததும் கொஞ்சம் தலையிடி என்பாள். வெளியே வந்து பஸ்ஸில் ஏறுவோம்.

முதல் கிழமை ஒன்றும் இல்லை. இரண்டாம் கிழமை நான் பஸ்ஸில் ஏறுகிறபோதெல்லாம், எப்படி இருக்கிறது என்று கேட்பேன். அவள் விதானையார் சொன்னதை எனக்குச் சொல்லுவாள்: "‘இப்ப உவளின்ரை தமையன் திரும்பவும் கேக்கிறான்.’" கேட்பதை நிறுத்திக்கொண்டேன். பதினோராம் முறைக்குப் பிறகு, ரீச்சரைக் காணவில்லை என்றாள். லீவில் நிற்கிறாவாக்கும் என்றேன். அவள் சிரிக்கவில்லை. கையில் இருக்கிற கண்ணாடிச் சாமானைக் கீழே போட்டுவிடுவேனோ என்று பயப்படுகிற ஆள்மாதிரி நடந்துகொண்டிருந்தாள்.

பதின்மூன்றாம் முறை ஒரு புதன்கிழமை. மறுநாள் வியாழன் காலை நான் கீழே முகம் கழுவிவிட்டு மேலே வந்தேன். தங்கச்சி யன்னலருகே வெறும் கோப்பையைப் பிடித்தபடி இருந்தாள்.

"அண்ணை, நான் இண்டைக்குத் தனியத் தேத்தண்ணி குடிச்சனான்" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. வீட்டுக்காரி அக்கா வரவில்லையோ என்று கேட்டேன்.

"ஒருத்தரும் வரேல்லை. தண்ணி வைச்சன், ஒருத்தரும் சொல்லேல்லை. சீனி போட்டன், ஒருத்தரும் சொல்லேல்லை. குடிச்சு முடிச்சிட்டன் அண்ணை."

நான் எவ்வளவோ கதை கேட்டவன். பதினெட்டு வருடத்தில் ஒரு மனுசி முதல்முறை தனியாகத் தேத்தண்ணி குடித்தாள் என்ற கதைக்குச் சமமாக ஒன்றும் கேட்டதில்லை. ஒன்றும் பேசாமல் பக்கத்தில் இருந்தேன்.  அந்தப் பேச்சில்லாத நேரத்தை அவள் சாப்பாடு மாதிரிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் போன் அடித்தது. மனைவி. சித்தப்பா விடியற்காலையில் போய்விட்டாராம்.

எங்கள் அப்பாவின் கடைசித் தம்பி அவர். அப்பா இல்லாத வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் அவர்தான் ஆள். அவருடைய இரண்டு மகன்மாரும் பிரான்ஸில், பேப்பர் சரிவராமல் இருக்கிறார்கள், வெளிக்கிட்டால் திரும்பிப்போக முடியாது. ஆகவே கொள்ளி நான்தான் வைக்கவேண்டும். அதில் பேச்சுக்கு இடமில்லை, நான் போகத்தான் வேண்டும். பேச்சுக்கு இடம் இருந்தது தங்கச்சியைப்பற்றித்தான்.

வீட்டுக்காரி அக்கா மேலே ஏறிவந்து விசயத்தைக் கேட்டார். கேட்டதும், நீங்கள் போங்கோ, பிள்ளையை நான் பார்க்கிறேன், தினமும் நானே கூட்டிக்கொண்டு போய் வருகிறேன் என்றார். முப்பது வருடம் தாதியாக இருந்தவர் சொல்லுகிறார். தங்கச்சிக்கும் அவருடன் ஒட்டிவிட்டது. வேறொருவன் என்றால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ரயில் ஏறியிருப்பான்.

எனக்குள் ஓடிய கணக்கு வேறு. சித்தப்பாவின் செத்தவீட்டுக்கு ஊரே வரும். வட்டுக்கோட்டைப் பகுதியும் துக்கம் விசாரிக்க வரும். சொந்தச் சித்தப்பாவின் பெட்டியடியில் தங்கச்சி இல்லை என்றால் கேட்பார்கள். காது இரைச்சலுக்காக ஒருத்தி தன்னைத் தூக்கி வளர்த்தவரின் முகத்தைப் பார்க்காமல் இருப்பாளா? இருக்கமாட்டாள். அப்படியென்றால் காது இல்லை, வேறேதோ என்று வரும். பதினெட்டு வருடம் கட்டின பொய் ஒரு நாளில் அவிழ்ந்துவிடும் என்று பயந்தேன். என் மகளின் முகம் கண்முன் வந்தது என்று எழுதலாம். வந்தது மகளின் முகம் இல்லை, பெட்டியைச் சுற்றி இருக்கிற பெண்டுகள் ஒருவரையொருவர் பார்க்கிற பார்வைதான்.

தங்கச்சி உடுப்பு எதையும் எடுத்துவைக்கவில்லை. நான் பையை அடுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் ஏழுதானே அண்ணை" என்றாள். "முடிச்சிட்டு வாறனே."

இதற்கு நான் சொன்னதைத்தான் இன்றைக்கும் விழுங்க முடியவில்லை. ஊருக்குப் பயப்படுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை, அவளும் விளங்கிக்கொண்டிருப்பாள். நான் அதைச் சொல்லவில்லை.

"சித்தப்பா உன்னைத் தோளிலை வைச்சுத் திரிஞ்ச மனுசன்" என்றேன். "அந்த மனுசன்ரை முகத்தைப் பாக்க உனக்கு மனம் வரேல்லையோ?"

செத்தவரைக் கொண்டுவந்து அவளுக்கு முன்னால் நிறுத்தினேன். அவள் போய் உடுப்பை எடுத்தாள்.

அக்கா மட்டும் விடவில்லை. படியில் வைத்து என் கையைப் பிடித்தார்.

"காது எண்டு நீர்தானே சொல்லி வைச்சிருக்கிறீர்? அப்ப காது ஒப்பரேசன் நடந்தது, எழும்பக்கூடாது எண்டு சொல்லுமன். பொய்யைத்தான் சொல்லுறீர், அதையாவது பிள்ளைக்கு உதவிற மாதிரிச் சொன்னால் என்ன?"

இது என் மூளைக்கு எட்டவேயில்லை என்பதுதான் வேடிக்கை. அவ்வளவு பொய் சொன்னவனுக்கு அந்த ஒரு பொய் வரவில்லை. அக்காவுக்கு ஊர் நிலவரம் தெரியாது என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

டொக்டரம்மாவுக்கு போன் எடுத்தேன். இடையில் விடுவது நல்லதில்லை, எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டார். திங்கள் என்றேன். அப்படியென்றால் தவறுகிற இரண்டு முறையையும் கடைசியில் சேர்ப்போம், திங்களைத் தவறவிடாதீர்கள் என்றார். ஓம் ஓம் என்றேன். ரிக்கெட்டுக்கும் காசுக்கும் அலைந்ததில் வியாழன் முறையும் தவறிப்போயிற்று, வெள்ளிக்கிழமை காலை ரயிலில் இருந்தோம். தங்கச்சி யன்னல் பக்கம். வவுனியா தாண்டும்வரை ஒருமுறைகூடக் காதைப் பொத்தவில்லை. அதைப் பார்த்து, பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகாது என்று எனக்குத் துணிவு வந்தது.

சனிக்கிழமை எடுத்தோம். பறை, சங்கு, சேமக்கலம் எல்லாம் சித்தப்பாவுக்குக் குறைவில்லாமல் நடந்தது. ஒரு பெடியன் கமராவைக் கட்டி பிரான்ஸுக்கு நேரலை காட்டினான். போனில் மகன்மார் அழுவது கேட்டது. பெண்டுகள் தங்கச்சியைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். ஒருத்தி விட ஒருத்தி பிடித்தாள். அவள் நடுவில், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அலையில் அகப்பட்ட தோணி மாதிரி ஆடிக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, எல்லோரும் அவளைக் கண்டுவிட்டார்கள், இனி ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று ஆறுதல்பட்டேன். இதை எழுதுகிற கையை என்ன செய்வது?

திங்கள் வந்தது. கொள்ளி வைத்தவன் எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு முடியும்வரை வளவை விட்டு வெளிக்கிடுவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மகள் வந்து, அப்பா, நான் மாமியைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். எட்டன்றைக்கு வட்டுக்கோட்டை ஆட்கள் வருவார்கள், நீ வீட்டில் நிற்கவேண்டும் என்று மறித்தேன். எட்டு முடியட்டும் என்றேன். மூன்று நாள்தானே என்றும் சொன்னேன். மூன்று நாள் என்பது எனக்குச் சின்னதாகவும், ஏழு நாள் என்பது தங்கச்சிக்குப் பெரிதாகவும் இருந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பத்து மணியளவில் சித்தப்பா வீட்டுக் கிணற்றடிக்குப் போனேன். தங்கச்சி அரிசி கழுவிக்கொண்டிருந்தவள் கையை எடுத்துவிட்டாள். பானைக்குள் கழுநீர் அசையாமல் நின்றது. அவளுடைய முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, ஆனாலும் கேட்டேன்.

"விதானையார் வந்திட்டார்" என்றாள்.

"என்னவாம்?"

அவள் என் முகத்தைப் பார்க்காமல், யாரோ சொல்வதை எழுதியெடுத்து வாசிக்கிறமாதிரிச் சொன்னாள்: "‘ஏழு நாளை விட்டிட்டு வந்திட்டாள்’ எண்டுறார்."

அழவில்லை. திரும்பவும் அரிசியைக் கழுவத் தொடங்கினாள். அடுத்தநாள் ரீச்சரும் வந்துவிட்டா.

எட்டு முடிந்து போன் எடுத்தபோது, நீண்ட இடைவெளி வந்துவிட்டது, இனித் தொடர்வதில் பயனில்லை, முதலிலிருந்து தொடங்கவேண்டும், இரண்டு மாதத்துக்கு இடமில்லை என்றார்கள். தங்கச்சியிடம் சொன்னேன். சரி என்றாள். முன்பு சொன்ன சரி வேறு, இந்தச் சரி வேறு.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடித்துவிட்டு வந்தோம். வீட்டில் சாப்பாடு. பந்தி கலைந்து, ஆட்கள் வெற்றிலைத் தட்டைச் சுற்றி இருந்தார்கள். வட்டுக்கோட்டைப் பெடியனின் தாய் என்னைக் கையசைத்து வேப்பமரப் பக்கம் கூப்பிட்டா. சம்பந்தம் பேசத்தான் என்று சால்வையைச் சரிபண்ணிக்கொண்டு போனேன்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ" என்று தொடங்கினா. "தங்கச்சிக்கு அந்தக் காந்த வைத்தியம் முடிஞ்சுதோ?"

என் வாய் தன் வழக்கப்படி காதை எடுக்கப் போனது. எடுத்தும்விட்டது. காது இப்போது பரவாயில்லை என்றேன்.

அவ தலையை ஆட்டினா. கோபம் இல்லை, கேலியும் இல்லை.

"என்ரை தமையன்ரை மூத்தவளுக்கும் உந்த வருத்தம்தான், ஆறு வருசமாச்சு. உங்களையும் தங்கச்சியையும் வியாழக்கிழமையிலை கிளினிக்கிலை எத்தினை தரம் கண்டிருக்கிறன். காந்த வைத்தியத்தைப்பற்றி டொக்டர் எங்களுக்கும் சொன்னவர், எங்கை செய்யிறது, எப்பிடி எண்டு உங்களைக் கேக்கத்தான் இருந்தனான். செத்தவீடு முடியட்டும் எண்டு பொறுத்தன்."

 ஊரில் யாருக்குத் தெரியும் என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் தெரியும்தானே. நீங்கள் காது எண்டு சொன்னியள், நாங்களும் காது எண்டு கேட்டுக்கொண்டிருந்தனாங்கள். உங்கடை மனம் நோகக்கூடாது எண்டு."

பதினெட்டு வருடம் ஊர் என்னிடம் ஏமாறியது என்று நினைத்திருந்தேன். ஊர் எனக்குப் பாவம் பார்த்திருக்கிறது. உள்ளி எண்ணெய் விடச் சொன்னவர்களெல்லாம் என் பொய்க்குப் பக்கத்தில் ஒரு முட்டுக்கொடுத்து, அது விழாமல் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். நல்ல சனம். அந்த நல்ல சனத்துக்குப் பயந்துதான் நான் என் தங்கச்சியை அந்தக் கதிரையிலிருந்து எழுப்பிக்கொண்டு வந்தேன். ஒருவராவது ஒருநாள் முகத்துக்கு நேரே, உன் தங்கச்சிக்கு விசரோ என்று கேட்டிருந்தால்! கேட்டிருந்தால் அடித்திருப்பேன், அது வேறு கதை.

மகளின் கலியாணம் தையில் நடந்தது. அதற்கு முன்பே, இடம் கிடைத்ததும், நானும் தங்கச்சியும் திரும்பவும் கொழும்புக்குப் போனோம். அதே அறை, அதே அக்கா. டொக்டரம்மா வெளிநாடு போய்விட்டார், வேறொரு டொக்டர். இந்தமுறை இருபதையும் முடித்தோம். ஒரு நாள்கூடத் தவறவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கு அக்கா கூட்டிக்கொண்டு போனார். ரீச்சரின் குரல் தாழ்ந்தது. இப்போது பக்கத்து வீட்டில் கதைக்கிறமாதிரித்தான் கேட்கிறது என்கிறாள். விதானையார் போகவில்லை. ஒரு நாள்கூட, ஒரு மணித்தியாலம்கூடப் போகவில்லை.

புது டொக்டரிடம் கேட்டேன். அன்றைக்கு அந்த ஏழு முறையையும் முடித்திருந்தால் அந்த அமைதி நின்றிருக்குமா என்று. அவர் யோசித்துத்தான் சொன்னார். நின்றிருக்கலாம், சில மாதத்தில் போயுமிருக்கலாம், இரண்டாம் முறை ஏன் அப்படி வேலைசெய்யவில்லை என்றும் தங்களுக்குத் தெரியாது என்றார். உங்களில் பிழை என்று சொல்லமுடியாது என்றும் சேர்த்தார். பிழை இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. என்னிடம் வருகிற மோட்டரைக் கழற்றினால் எந்தச் சுற்றில் எரிந்தது என்று காட்டுவேன், கறுத்துப்போயிருக்கும். இதைக் கழற்றிப் பார்க்க இடமில்லை.

போன மாதம் சம்பந்தி அம்மா தன் தமையனையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தா. தங்கள் மகளைக் கொழும்புக்குக் கொண்டுபோக ஆயத்தம், அதற்கு முன் ஒரு வார்த்தை கேட்கவேண்டுமாம். தமையன் மெலிந்த மனுசன், கதிரையின் நுனியில் இருந்தார். பலன் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார்.

நான் கதைகாரன். சுருளைப்பற்றி, செக்கனுக்கு ஒரு தட்டு என்பதைப்பற்றி, சிலருக்குச் சரிவரும் சிலருக்கு வராது என்பதைப்பற்றி நீட்டிக்கொண்டே போனேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். என்ன கேட்கவந்தாரோ அதற்கு நான் பதில் சொல்லவில்லை என்று எனக்கே தெரிந்தது. குசினி வாசலில் நின்ற தங்கச்சி முன்னுக்கு வந்தாள். வந்தவர்களோடு அவள் கதைப்பது குறைவு. அந்த மனுசனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"பிள்ளைக்கு என்னை மாதிரியே நடக்கும் எண்டு இல்லை" என்றாள். "எனக்குப் பதின்மூண்டிலை சத்தம் நிண்டது. நீங்கள் இருவதையும் முடியுங்கோ. நடுவிலை ஆர் செத்தாலும் எழும்பி வராதேங்கோ."

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. குளிசையை எத்தனை மணிக்குக் குடிக்கவேண்டும் என்று சொல்லுகிறமாதிரிச் சொன்னாள். என் பக்கம் திரும்பவேயில்லை. சம்பந்தி அம்மா மட்டும் என்னைப் பார்த்தா, உடனே பார்வையை எடுத்துக்கொண்டா. தமையனின் மனைவி கைப்பையிலிருந்து பேனையையும் ஒரு துண்டையும் எடுத்து, ஆஸ்பத்திரியின் விலாசத்தைக் கேட்டா. நான் சொல்லச் சொல்ல அவ எழுதினா.